தங்கதிரவியம் தின்ற சோறு

கடலுக்கு முதுகையும் தங்கதிரவியம் அண்ணாச்சியின் வீட்டுக்கு முகத்தையும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற தருவைப்பட்டினத்தில், அந்த அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த அன்றைக்கு, அவர் தின்ற சோறு அவர் உடம்பில் ஒட்டாமல் வெயிலுகந்தாள் உடம்பில் போய்ச் சேர்ந்தது. ஏன் சேர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. தருவைப்பட்டினம் எதையும் ஏன் என்று கேட்டுப் பழகின ஊர் இல்லை. கேட்டுப் பழகியிருந்தால், ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டின மட்டும் வெளுத்துக் கிடக்கிற உப்பளம் முழுக்க ஒரே ஆள் பேரில் எப்படி வந்தது என்பதை முதலில் கேட்டிருக்கும்.

அண்ணாச்சி சாப்பிடுவதை ஊர் சாமி புறப்பாடு மாதிரி நின்று பார்க்கும். அன்றைக்கும் பந்தல் கொள்ளாத கூட்டம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் பருப்புக்கு ஒரு தரம், சொதிக்கு ஒரு தரம், புளிக்குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு இன்னொரு தரம் என்று சோறு வாங்கி, அவியலை வழித்து, பாயசத்தில் பூந்தியை உதிர்த்துப் பிசைந்து உறிஞ்சி, கடைசியில் இலையை மூடினார். மூடின கை மூடினபடியே சில்லிட்டுப்போனது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். நாற்பது பேர் தூக்குவதற்குச் சண்டை போட்டார்கள்.

அதே நேரத்தில் வெயிலுகந்தாள் உப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அளத்தின் வரப்பு நடுவே கால் மடங்க நின்றுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டினவள். புருஷன் கொச்சிக்குப் படகு வேலைக்குப் போகிறேன் என்று போனவன் போனவன்தான். முதலாளி வீட்டு விசேஷத்தன்றைக்கு உப்பு நின்றால் அபசகுனம் என்று கங்காணி பால்துரை அளத்துக்கு லீவு விடவில்லை. மத்தியானத்துக்குக் கொண்டுவந்த கஞ்சியை நாய் உருட்டிவிட்டது, அவள் வயிற்றில் காலையில் குடித்த நீராகாரம்கூட மிச்சமில்லை. இதோ விழப்போகிறோம், விழுந்தால் பெட்டி உப்பு பாத்தித் தண்ணியில் கரைந்துவிடும், பால்துரை கத்துவான் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் ஒரு சூடு ஏறியது. தொடையிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து விரல் நுனிக்கு, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அடுப்புகளை யாரோ உள்ளுக்குள் ஒரே ஊதலில் பற்றவைத்த மாதிரி பரவியது. வயிறு காலியாகத்தான் இருந்தது, பசி பசியாகவே கிடந்தது, பலம் மட்டும் வந்தது. ஏன் வந்தாய் என்று பலத்தைக் கேட்கிற வசதி அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. பெட்டியோடு ஓடினாள். ஓடிக் கொட்டிவிட்டு ஓடி வந்தாள். பொழுது சாய்கிறபோது அவள் குவித்த அம்பாரம் மற்ற எல்லாருடைய அம்பாரத்தையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவள் உடம்பிலிருந்து வேர்வை குடம் கவிழ்த்தது போல ஊற்றியது, அவள் விட்ட மூச்சில் பக்கத்தில் நின்றவர்களுக்கு முகம் வெந்தது.

அண்ணாச்சியைப் பார்க்க டவுனிலிருந்து டாக்டர் வந்தார். நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணாடியை மூக்குக்கு நேரே பிடித்தார். கண்ணாடியில் ஆவி படியவில்லை.

“நாம திங்கிற சோறு சர்க்கரையா மாறி ரத்தத்துல கலந்து ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்கும் போகுது. மூச்சுல இழுக்கிற காத்தும் அங்கதான் போகுது. ரெண்டும் அங்க சேர்ந்து, தீயும் தெரியாம பொகையும் தெரியாம, கொஞ்சம் கொஞ்சமா எரியுது. அதுலதான் நமக்குச் சூடு, அதுலதான் பலம். எரிஞ்சு மிஞ்சுறது கெட்ட காத்தும் தண்ணியும். மூச்சோட வெளிய போயிரும்” என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். “இவர் ஒடம்புல சோறு போகுது, காத்தும் போகுது. எரியத்தான் இல்ல.”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அண்ணாச்சியின் மனைவி செண்பகவடிவு, “அப்ப நான் பொங்கிப் போட்டதெல்லாம் எங்க போகுது?” என்று கேட்டாள்.

டாக்டர் அதற்கு ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். எரியாத உடம்பு எப்படி உயிரோடு கிடக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை. பழக்கத்தில் கிடக்கிறது என்று ஊர் வைத்துக்கொண்டது. அதற்கு முன்னாலும் அந்த உடம்பு கிடந்ததே தவிரப் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை என்பதால் ஊருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை.

சோறு எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடித்தவன் பால்துரை. அண்ணாச்சியின் பெரிய வீட்டுக்கும் அளத்துக்குமாக மொபெட்டில் போய்வருகிறவன் அவன் ஒருவன்தான். அண்ணாச்சியைக் கட்டிலில் சாய்த்து இட்லிக்கு உட்காரவைத்த நேரத்தில் கிளம்பி அளத்துக்கு வந்து பார்த்தால் வெயிலுகந்தாள் பாத்தியில் பறந்துகொண்டிருந்தாள். அண்ணாச்சி சாப்பாடு பிடிக்கவில்லை என்று தட்டைத் தள்ளின அன்றைக்கு அவளும் மற்றவர்களைப் போலத் தள்ளாடித்தான் சுமந்தாள். வேறு ஒருவனாக இருந்தால் இதைப் பார்த்து ஒரு தரமாவது நெஞ்சு படபடத்திருக்கும். பால்துரை அடுப்படிக்குச் சொல்லியனுப்பினான்: “நாளைக்கு லாரி லோடு நெறைய இருக்கு. மொதலாளிக்குக் கொஞ்சம் கறி சேத்துப் போடச் சொல்லு.”

இப்படியாக அண்ணாச்சியின் சமையல் லாரி வரத்தைப் பார்த்து நடந்தது. லாரி கூடினால் ஆட்டுக்கறி, குறைந்தால் தயிர்சாதம். ஊருக்கும் இது சீக்கிரம் பிடிபட்டுப் பழகிப்போனது. டீக்கடையில் இருக்கிறவர்கள் தூரத்து வரப்பில் வெயிலுகந்தாள் ஓடுகிற ஓட்டத்தைக் கண்ணுக்குக் கை கொடுத்துப் பார்த்து, “அண்ணாச்சி இன்னிக்குப் பிரியாணி சாப்ட்டிருக்காவ” என்று பெருமைப்பட்டார்கள். யாருடைய வாயில் போனால் என்ன, யாருடைய கால் ஓடினால் என்ன, எல்லாம் அண்ணாச்சியின் மகிமை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு பால்துரை, ஒருத்தியே அத்தனையும் சுமக்கிறபோது மற்றவர்கள் எதற்கு என்று அளத்துப் பெண்களை ஒவ்வொருத்தியாக வேலையிலிருந்து நிறுத்தினான். வெயிலுகந்தாளோடு சிறு வயது முதல் ஒரே பாத்தியில் உப்பு வாரின முத்துக்கிளியையும் நிறுத்தினான்.

தெருக்குழாயடியில் முத்துக்கிளி குடத்தை நங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாள்: “நல்லா இருக்கியாட்டி? எங்க எல்லார் சோத்தையும் நீயே சுமந்துட்டுப் போறியே, கழுத்து வலிக்கலியா?”

“நானா ஒன்ன நிறுத்துனேன்?”

“நீ நிறுத்தல. நீ ஓடுன. நீ ஓட ஓட அவன் எங்கள நிறுத்துனான். நின்னு ஒரு தரம் திரும்பிப் பாத்தியா நீ?”

வெயிலுகந்தாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். ஓடினது உண்மை. திரும்பிப் பார்க்காததும் உண்மை. வாழ்க்கையில் முதல்முறையாக உடம்பு வலிக்காமல் வேலை செய்த சந்தோஷத்தில், அந்த வேலை யாருக்காக என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது. மறுநாள் காலையில் அளத்துக்குப் போனாள், சும்மாட்டுத் துணியை உதறி விரித்தாள், வரப்பின் மேல் அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“ஏட்டி, எந்தி. லாரி நிக்கி” என்றான் பால்துரை.

“அவளுவ வரட்டும். எந்திக்கேன்.”

“யாரு?”

“நீ நிறுத்துனவளுவ எல்லாரும்.”

அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியோ அங்கே வேளை தவறாமல் தின்றுகொண்டிருந்தார். செலவாகாத பலமெல்லாம் அவள் உடம்பில் அனலாகத் திரண்டு நாலாபக்கமும் அடித்தது. அவள் உட்கார்ந்த இடத்தைச் சுற்றிப் பாத்தித் தண்ணீர் வற்றி உப்பு தானாகப் பூத்தது. தருவைப்பட்டினம் இதைப் பார்த்து அயர்ந்து நிற்கவில்லை, முறத்தையும் பாயையும் தூக்கிக்கொண்டு வந்தது. கூழ் வடகம் பிழிந்தவர்கள் வடகத்தையும், கருவாடு போட்டவர்கள் கருவாட்டையும், பிள்ளை பெற்றவர்கள் துவைத்து ஈரம் காயாத பள்ளிக்கூடச் சட்டையையும் அவளைச் சுற்றி விரித்துப்போட்டார்கள். “கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காரு தாயி, இது இன்னும் ஈரமாத்தான் இருக்கு” என்றும் சொன்னார்கள். எதற்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாறும் கருவாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து அவர்களை ஏற இறங்கப் பார்த்த வெயிலுகந்தாளுக்கு, இத்தனை வருஷம் இந்த முகங்களுக்குப் பயந்தா தலைகுனிந்து நடந்தோம் என்று தன்மேலேயே ஒரு இளக்காரம் வந்தது.

லாரிகள் காலியாகத் திரும்பத் தொடங்கின பிறகுதான் அண்ணாச்சிக்குத் தன் உடம்பு திருட்டுப்போன விஷயம் உறைத்தது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். உப்பு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி முற்றத்தில் அண்ணாச்சியைக் கட்டிலோடு கொண்டுவந்து வைத்து, கம்பளியால் கழுத்துவரை மூடி, வரப்பிலிருந்து வெயிலுகந்தாளையும் வரவழைத்து, பெரிய மனுஷர்கள் சுற்றி நின்றார்கள். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் நல்லபெருமாள் அன்றைக்கு வேட்டியை மாற்றிப் பேன்ட் போட்டு வந்திருந்தார், விஞ்ஞானம் பேச வேண்டியிருந்ததால்.

அவர் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்ததை இரண்டு கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். ஒவ்வொன்றிலும் ஒரு இளநீர்க் குழலைப் போட்டார். “உடம்புக்குள்ள சோறு எரிஞ்சா கெட்ட காத்து வெளிய வரணும். அது பட்டா இந்தத் தண்ணி பாலா வெளுக்கும்” என்று அறிவித்தார். அண்ணாச்சியின் வாயில் குழலை வைத்தார்கள். அவர் ஊதினார், குமிழி வந்தது, தண்ணீர் பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. வெயிலுகந்தாள் குழலில் வாயை வைத்து ஒரே ஒரு மூச்சு விட்டாள். டம்ளர் பாலாக வெளுத்து, வெளுத்தது திட்டுத்திட்டாய் அடியில் படிந்தது.

கூட்டம் கைதட்டியது. யாருக்குத் தட்டினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

“தீர்ந்துபோச்சு” என்றார் தலைமையாசிரியர். “அண்ணாச்சி சாப்பிட்ட சோத்த இவ எரிக்கா. சோறு அண்ணாச்சியோடது. அப்ப பலமும் அண்ணாச்சியோடது. அந்தப் பலத்துல இவ செய்யுற வேலையும் அண்ணாச்சியோடது. இவளுக்கு எதுக்குக் கூலி?”

அப்படி ஒரு நியாயத்தைக் கேட்டு ஊர் புல்லரித்தது. கம்பளிக்குள்ளிருந்து அண்ணாச்சி கிணற்றுக்குள் விழுந்தவர் குரலில், “என் பலத்தக் குடு” என்றார்.

வெயிலுகந்தாள் சிரித்தாள். பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினாள். “குடுத்துருதேன் மொதலாளி. குடுத்தா என்ன செய்வீய? அறுவது வருசமா உங்ககிட்டதான இருந்துச்சு? அத வச்சு என்ன செஞ்சீயன்னு ஒண்ணு, ஒரே ஒண்ணு சொல்லுங்க. ஒரு பெட்டி தூக்கியிருக்கியளா? ஒரு கொடம் தண்ணி எடுத்திருக்கியளா? ஊர்க்காரங்களே, நீங்களாவது சொல்லுங்க.”

ஊர் யோசித்தது. உண்மையாகவே முயன்று யோசித்தது. ஒருவர் தொண்டையைக் கனைத்தார். இன்னொருவர், அண்ணாச்சி போன கோயில் கொடைக்குத் தேரின் வடத்தைத் தொட்டதாக நினைவிருக்கிறது என்றார், தொட்டது போட்டோவுக்கு என்று பக்கத்திலிருந்தவர் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வேறு எதுவும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தலைமையாசிரியர் அவசரமாக வேறு வழி சொன்னார்: அண்ணாச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டால் போதும், விறகில்லாத அடுப்பு அணைவது போல இவள் அணைந்துபோவாள், பலம் தானாக வீடு திரும்பும்.

அந்த உண்ணாவிரதத்தைத் தருவைப்பட்டினம் நடத்திய விதம் இருக்கிறதே! பெரிய வீட்டு வாசலில் பந்தல் போட்டார்கள். ‘பசித்திருக்கும் பொற்பதமே’ என்று போஸ்டர் அடித்தார்கள். ஒலிபெருக்கி கட்டி ஊர் தூங்கவிடாமல் பக்திப்பாட்டு வைத்தார்கள். அண்ணாச்சியோடு சேர்ந்து தாங்களும் பசித்திருப்பதாகச் சொன்னவர்கள் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பரோட்டாவை முடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் வாடின முகத்தோடு உட்கார்ந்தார்கள். அவருக்கு மாலை போட வந்தவர்களின் வரிசை வளைந்து கோயில் வரைக்கும் போனது.

வெயிலுகந்தாள் அணையவில்லை. காலையில் எழுந்து, அளத்துப் பக்கம் போகாமல் தெருத்தெருவாக நடந்து, தன்னைத் திட்டி எழுதியிருக்கிற போஸ்டர்களை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டு, கடற்கரை வரைக்கும் போய்க் கால் நனைத்துத் திரும்பினாள். உடம்பில் அனல் கொஞ்சமும் குறையவில்லை. முன்னைக்கு இப்போது அது சீராகவும் நீண்டும் எரிகிற மாதிரி இருந்தது. பந்தலிலோ, அண்ணாச்சியின் விரலிலிருந்து மோதிரம் கழன்று உருண்டது. பிறகு கழுத்துச் சதை தொங்கியது. பிறகு வயிறு, ஊர் முழுதும் பக்தியோடு பார்த்து வந்த அந்தப் பெரிய வயிறு, பனிக்கட்டி வெயிலில் உருகுகிற மாதிரி பார்க்கப் பார்க்க உருகியது. மாலைகளின் பாரத்தில் அவர் பக்கவாட்டில் சாய்ந்தபோது உள்ளே ஆள் இருக்கிறாரா என்று மாலையை விலக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

தலைமையாசிரியர் வேர்த்துப்போய்ப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தார். “சாப்பாடு நின்னா ஒடம்பு சேர்த்து வச்ச கொழுப்ப எடுத்து எரிக்குமாம்” என்றார், இதையும் வெயிலுகந்தாள்தான் புதிதாகச் சட்டம் போட்டாள் என்பது போல. “அண்ணாச்சி கொழுப்பெல்லாம் இப்ப அவ மூச்சா வெளிய போய்க்கிட்டிருக்கு. அவ நடந்தா இவர் இளைப்பாரு. அவ ஓடுனா...”

உண்ணாவிரதத்தை அன்றைக்கே இளநீர் கொடுத்து முடித்தார்கள், வெற்றி என்று அறிவித்து. அண்ணாச்சி திரும்பத் தின்னத் தொடங்கினார். ஆனால் தின்றது கொழுப்பாகச் சேர்வதற்கு அவள் அசையாமல் இருக்க வேண்டுமே! ஊர்க்கூட்டம் மறுபடியும் கூடி, வெயிலுகந்தாள் எக்காரணத்தைக்கொண்டும் எந்த வேலையும் செய்யக்கூடாது என்றும், நடப்பதைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்றும், மூச்சை மெதுவாகவும் குறைவாகவும் விட வேண்டும் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. நிறுத்தின பெண்களை எல்லாம் பால்துரை வீடு வீடாகப் போய்க் கும்பிட்டு அளத்துக்குக் கூட்டிவந்தான். முத்துக்கிளி போகிற வழியில் எட்டிப்பார்த்து, “நீ உக்காந்தே ஜெயிச்சிட்டட்டி” என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள்.

பிறகு நடந்ததுதான் வெயிலுகந்தாளுக்கு அருவருப்பாக இருந்தது. அவள் வீட்டு வாசலைக் கூட்ட ஆள் வந்தது. தண்ணீர் எடுக்க ஆள் வந்தது. கூட்டத்தில் கூலி எதற்கு என்று கேட்ட அதே தலைமையாசிரியர் பனைவிசிறியோடு வந்து முக்காலியில் உட்கார்ந்து விசிறினார். அவள் சொம்பை எடுக்கக் கையை நீட்டினால், “ஐயோ, நீங்க எதுக்கு!” என்று நாலு கை குறுக்கே வந்தது. நேற்றுவரை ஏட்டி என்றவர்கள் இன்றைக்கு அக்கா என்றார்கள், அம்மா என்றார்கள். அவர்கள் குரலில் இருந்த மரியாதை அவளுக்கு இல்லை, கட்டிலில் கிடக்கிற கொழுப்புக்கு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் ஒரு தும்மல் போட்டால் பெரிய வீட்டுக்கு ஆள் ஓடியது, அண்ணாச்சியின் கன்னம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர. சுமந்து சுமந்து வளைந்த முதுகு அது. இப்போது சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து மரத்தது. இவர்களுக்குத் தூக்கவும் நானாக இருக்க வேண்டும், அசையாமல் இருக்கவும் நானாக இருக்க வேண்டும் என்று நினைக்க நினைக்க அவளுக்குள் அனல் குமுறியது.

ஒருநாள் உச்சிப்பொழுதில் செண்பகவடிவு வந்தாள். விசிறிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, “போங்க, போய்ச் சாப்ட்டுட்டு வாங்க” என்றாள். போனார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தாள்.

“மேல உக்காருங்கம்மா.”

“இருக்கட்டும். அடுப்புல நின்னு நின்னு கால் செத்துப்போச்சு.” காலை நீட்டிக்கொண்டாள். “எனக்குப் பதினேழு வயசுல கெட்டி வச்சாவ, வெயிலு. அன்னைலேர்ந்து பொங்கிப் போடுதேன். காலைல, மத்தியானம், ராத்திரி. அவரு திம்பாரு. தின்னுட்டுப் படுப்பாரு. எந்திச்சு மறுபடி திம்பாரு. இந்தச் சோத்துல ஏதாவது ஒண்ணு நடக்குதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் நடக்கல. ஒரு நல்ல வார்த்தகூட அதுலேர்ந்து வரல.”

வெயிலுகந்தாள் அவள் முகத்தையே பார்த்தாள். பெரிய வீட்டு அம்மாவை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. அடுப்பு வெக்கையில் புருவம் பொசுங்கியிருந்தது.

“மாடியிலேர்ந்து பாத்தேன் ஒருநா. நீ வரப்புல ஓடிக்கிட்டு இருந்த. அன்னிக்கு வச்சது நெஞ்செலும்புக் கொழம்பு. எங்கொழம்பு ஓடுதுன்னு தோணிச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.” அவள் குரலைத் தாழ்த்தவில்லை. “இப்ப ஒன்ன இவனுவ சம்மணம் போட்டு உக்கார வச்சிட்டானுவ. எஞ்சோறு மறுபடி சும்மா கெடக்கு. நீ போ.”

“எங்கம்மா?”

“எங்கயாவது. ஓடணும்னா ஓடு.”

“நான் ஓடுனா அவிய செத்துப்போவாவளே.”

“நான் பொங்கிப் போடுத மட்டும் சாவ மாட்டாரு. அது எம்பொறுப்பு. கூடுதலாத் திங்கணும், அவ்வளவுதான். அதுல அவருக்குப் பழக்கம் உண்டு.”

வெயிலுகந்தாள் யோசித்தாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் பலம் என்று அறிந்ததெல்லாம் தலையில் ஏறின சுமைக்கு அடியில்தான். சுமை இல்லாமல் அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் வயதில் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை, பசியைவிடப் பெரிய பசியாக அவளுக்குள் எழுந்தது. அவள் எழுந்து நின்றாள். செண்பகவடிவு அவள் தோளைத் தொட்டு, சூடு தாங்காமல் கையை எடுத்து, பிறகு மறுபடியும் தொட்டாள்.

பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகத்தான் வெயிலுகந்தாள் போனாள். கையில் ஒரு மாற்றுச்சேலைப் பொட்டலம், வேறொன்றும் இல்லை. முதலில் பார்த்தவன் டீக்கடைக்காரன். அவன் போட்ட கூச்சலில் ஊரே திரண்டு வந்தது. யாருக்கும் அவளைத் தொட்டு நிறுத்தத் துணிச்சல் இல்லை. திமிறினால் அண்ணாச்சிக்கு எத்தனை கிலோ போகுமோ! பால்துரை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்து, “உக்காருங்கக்கா, தூக்கிட்டுப் போறோம், நீங்க சொல்லுத எடத்துக்குத் தூக்கிட்டுப் போறோம்” என்றான். தலைமையாசிரியர் பின்னோக்கி நடந்தபடியே, “மெதுவா... மூச்ச மெதுவா விடுங்க... மூக்கு வழியா...” என்று சொல்லிக்கொடுத்தார். சிலர் பாதையில் விழுந்து கும்பிட்டார்கள். அவள் அவர்களைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

ஊர் எல்லையில் பஸ் நிறுத்தத்தைக் கடந்து தார்ச்சாலை நேராகப் போகிற இடத்தில் நின்று திரும்பினாள். அத்தனை முகங்களும் கண்ணீரோடு அவளைப் பார்த்தன. அவளுக்காக அதில் ஒரு சொட்டுகூட இல்லை.

“எத்தன வருசம் உங்க முன்னால சுமந்துக்கிட்டுப் போனேன்” என்றாள். “ஒரு நாளாவது, மெதுவாப் போன்னு எவனாவது சொன்னியளா?”

காறித் துப்பினாள். பிறகு சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினாள்.

முதலில் சுமை தூக்குகிறவள் ஓட்டமாகத்தான் இருந்தது, கழுத்து விறைத்து, கை ஒன்று தலைக்கு மேலே இல்லாத பெட்டியைப் பிடித்துக்கொண்டு. பிறகு அந்தக் கை மெல்ல இறங்கியது. கழுத்து தளர்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள், உடைமரத்தை, வானத்தை, பறந்துபோகிற நாரைகளை. ஓடுகிறபோது பக்கத்தில் பார்க்க முடியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். ஊர் பார்த்துக்கொண்டு நிற்கவே புள்ளியாகி, புள்ளியும் மறைந்தாள்.

அவள் எங்கே போனாள் என்பது இன்றுவரை ஊருக்குத் தெரியாது. மேற்கே மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் பார்த்ததாக ஒரு லாரிக்காரன் சொன்னான், கடலைத் தாண்டிப் போய்விட்டதாக இன்னொருவன் சொன்னான். தருவைப்பட்டினம் அதையும் தனக்கு ஏற்றபடி பழகிக்கொண்டது. இப்போது தினமும் பெரிய வீட்டுக்குப் போய் அண்ணாச்சியின் உடம்பைப் பார்த்துத்தான் அவளைப் பற்றிச் சேதி தெரிந்துகொள்கிறார்கள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தால், “அவ தூங்குதா போல” என்று குரலைத் தணித்துக்கொள்கிறார்கள். திடீரென்று ஒடுங்கினால், “மலை ஏறுதா, நாசமாப் போறவ, மலை ஏறுதா” என்று வாயில் அடித்துக்கொள்கிறார்கள். பெண்கள் மட்டும், அளத்தில் உப்பு வாரிக்கொண்டே, இன்றைக்கு ஏறினாளா என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்கிறார்கள். ஏறினாள் என்றால் அன்றைக்கு முழுக்க முத்துக்கிளி பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்கிறாள்.

அண்ணாச்சி இலையின் முன்னால் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கப்பட்டிருக்கிறார். இரண்டு பேர் ஊட்டுகிறார்கள். காலை இட்லி முடிந்து கை கழுவுவதற்குள் பதினொரு மணிப் பொங்கல், அது இறங்குவதற்குள் சோறு, அதற்குள் பணியாரம். தின்னத் தின்ன ருசி இல்லாத, நிறைவு இல்லாத, தூக்கம்கூட இல்லாத தீனி. எந்த நிமிஷத்தில் அவள் எங்கே ஓடுவாளோ என்று பயந்து பயந்து மெல்லுகிற தீனி. சில நாள் அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டு, தண்ணீர் கோத்த கண்ணால் செண்பகவடிவைப் பார்த்து, “போதும்” என்று முனகுவார்.

செண்பகவடிவு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பாள். கண்ணெதிரே அது அவள் விரல்களுக்குள் மெலிந்துகொண்டிருக்கும். ஜன்னல் வழியே மேற்கே ஒரு தரம் பார்த்துவிட்டு, நெய்யை ஊற்றி, இன்னொரு கரண்டி சோற்றை அள்ளி இலையில் வைத்து அவள் சொல்வாள்:

“அவ இன்னும் நிக்கல. தின்னுங்க.”